தினமும் ஓட்டும் காருக்கு லோயரிங் ஸ்பிரிங்: மூன்று பேர் பட்டுத் தெரிந்துகொண்டவை

போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டு, காரின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கைப் போட்டவன் நான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்து கார் நின்ற அழகைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மறுநாள் அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே 'டங்'கென்று ஓர் அடி. "ஏம்ப்பா, வண்டியில ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி இருக்கே?" என்றார். முதுகுவலிக்காரர். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு, அதனால்தான் என்று நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவீதம் கூடினாலும், வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் 14 சதவீதம்தான் கூடும் (வர்க்கமூலக் கணக்கு). அது உடம்புக்குத் தெரியும், ஆனால் முதுகெலும்பில் அடிக்காது.

முன் ஷாக்கின் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) தூசு உறையான டஸ்ட் பூட்டைத் தூக்கிவிட்டு, பளபளக்கும் ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டும்படி கீழே தள்ளி வைத்தேன். வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு சுற்று. வந்து பார்த்தால் டை மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடி தாங்கும் மெத்தை) ஒட்டி நிற்கிறது, பம்ப் ஸ்டாப்பின் அடியில் அதன் தடம் பதிந்திருக்கிறது. அளந்தேன். கார் சும்மா நிற்கும்போதே ஷாக் ஏற மிச்சமிருந்தது 15 மி.மீ. அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் பம்ப் ஸ்டாப்பில்தான் இடிக்கிறது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் அந்த 15-ம் போய்விடும்.

அதனால் ஸ்பிரிங் வாங்குமுன் "எவ்வளவு இறங்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "இறங்கிய பிறகு எவ்வளவு மிச்சம்?" என்றும் கேளுங்கள். உங்கள் எஞ்சின் வகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். கனமான டீசல் எஞ்சினும் லேசான பெட்ரோல் எஞ்சினும் ஒரே ஸ்பிரிங்கில் ஒரே உயரத்தில் நிற்காது.

இப்போது 25 மி.மீ. இறக்கும் ப்ரோக்ரெஸிவ் ஸ்பிரிங், அதற்கேற்ற நீளம் குறைந்த ஷாக். நெருக்கமாகச் சுற்றிய பகுதி முதலில் அமுங்குவதால் சின்ன மேடுபள்ளம் மெத்தென்று போகிறது, ஆழமாக அமுங்க அமுங்க விறைக்கிறது. பழைய ஷாக் 70,000 கி.மீ. ஓடியது. விறைப்பான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. ஒரு மேட்டைத் தாண்டினால் இரண்டு தடவை குதித்துத்தான் அடங்கும். பட்ஜெட் இடித்தால் ஷாக்கோடு சேர்த்து வாங்கப் பொறுத்திருங்கள், ஸ்பிரிங்கை மட்டும் போடாதீர்கள். சுருளை வெட்டிக் குறைப்பது வேண்டவே வேண்டாம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவும் ஆபத்து உண்டு.

* * *

இரண்டாமவர்: எனக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் சரியாகவே அமைந்தன. 30 மி.மீ. தான், இருந்தும் கார் மரக்கட்டை மாதிரி போனது. ஒரு மாதத்தில் கிறீச் சத்தமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் ஒரு பெரியவர், "ஆர்ம் போல்ட்டை எப்படி டைட் பண்ணினாங்க, தொங்கலிலா தரையிலா சார்?" என்று கேட்டார். லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். கார் தரைக்கு வந்ததும் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு, அதுவே இன்னொரு ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நின்றிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தில் வண்டியின் எடை முழுதும் இறங்கிய நிலையில் மறுபடி இறுக்கினார். அரை மணி நேர வேலை. வீடு திரும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது.

* * *

மூன்றாமவர்: அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிபார்ப்பதை, யாரும் சொல்லவில்லையே. ஸ்பிரிங் போட்ட அன்றே பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஓடி ஓடி ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமர்ந்ததும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கிறது. காரைத் தாழ்த்தினால் கேம்பர் மாறி, சக்கரத்தின் மேற்பக்கம் சற்று உள்ளே சாயும், அது மட்டும் டயரை இவ்வளவு வேகமாகத் தின்னாது. டோவும் தவறினால்தான் தின்னும். வெளியே இருந்து பார்த்தால் புது டயர், உள்விளிம்பில் கம்பியே தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அலைன்மென்ட் பாருங்கள். மாதம் ஒரு தடவை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தி, டயரின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.