ஆட்டிசமா, ஏடிஹெச்டியா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்

கவின்அம்மா:
பையனுக்கு நாலரை வயது. பேச்சு தாமதம், இப்போதுதான் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறான். ஒரு இடத்தில் உட்கார மாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை, கார் பொம்மைகளை வரிசையாக அடுக்குவான், யாராவது கலைத்தால் வீடு ரெண்டுபடும். டாக்டர் ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) மாதிரி இருக்கிறது என்கிறார், ஸ்பீச் தெரபிஸ்ட் ஆட்டிசம் என்கிறார், மாமியார் போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

சிறப்பாசிரியர்_மதுரை:
முதலில் காது. பெரா டெஸ்ட் (சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தாயிற்றா? கேட்பதில் குறை இருந்தாலும் பிள்ளை திரும்பாது, பேச்சும் வராது.

காது சரி என்றால், அவன் பேசாததை விட்டுவிட்டு எதையாவது உங்களிடம் காட்டுகிறானா என்று பாருங்கள். பிஸ்கட் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துப் போவதைச் சொல்லவில்லை. வானத்தில் விமானம் போகிறது, அதைச் சும்மா உங்களுக்குக் காட்ட விரல் நீட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தையும் ஒருமுறை பார்ப்பது. ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளை எவ்வளவு ஓடினாலும் பெரும்பாலும் இதைச் செய்யும், பேச்சு மட்டும் தாமதமான பிள்ளையும் கையாலும் முகத்தாலும் எப்படியோ சொல்லிவிடும். இது சின்ன வயதிலிருந்தே குறைவாக இருந்து, கூடவே அடுக்குவது, மாற்றம் பிடிக்காதது, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது எல்லாம் இருந்தால் ஆட்டிசம் பக்கம் சந்தேகம் கூடும். வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டர் அறையில் பத்து நிமிடத்தில் இதெல்லாம் தெரியாது.

ரவி_கோவை:
அடுக்குவது ஓசிடி (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை) இல்லையா?

சிறப்பாசிரியர்_மதுரை:
ஓசிடியில் பெரும்பாலும் ஒரு பயம் பின்னால் நின்று செய்ய வைக்கும், செய்பவருக்கே அது தொல்லை. ஆட்டிசத்தில் அடுக்குவது பிள்ளைக்குப் பிடித்த வேலை, நிம்மதி. ஆனால் நாலரை வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பதும் உண்மை.

இரட்டைப்பெயர்:
என் பெண்ணுக்கு இரண்டுமே இருக்கிறது. 2013-இல் டிஎஸ்எம்-5 (மனநல டாக்டர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) வரும்வரை ஆட்டிசம் என்று எழுதினால் கூடவே ஏடிஹெச்டி என்று எழுதக் கூடாது என்பது விதி, அந்தப் பழக்கத்தில்தான் இன்னும் சிலர் 'இதுவா அதுவா' என்று இழுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அப்புறம், போன், டிவி அதிகம் பார்ப்பதால் வருவதாக யூடியூபில் சொல்லும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' எந்த நோய்ப் பட்டியலிலும் இல்லை. போனைக் குறையுங்கள், நல்லதுதான், ஆனால் அதைச் சாக்காக வைத்து தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. மாவட்ட அரசு மருத்துவமனையில் டிஇஐசி (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும்) மையம் இருக்கும், சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காடு நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம்), அங்கே எல்லாத் துறையினரும் சேர்ந்தே பார்ப்பார்கள்.

கவின்அம்மா:
யோசித்துப் பார்த்தால் அவன் எதையும் காட்டுவதே இல்லை, என் கையை இழுத்துக்கொண்டு பிரிட்ஜுக்குத்தான் போகிறான். பெரா எடுக்கவில்லை. இவன் அசையாமல் இருப்பானா?

சிறப்பாசிரியர்_மதுரை:
தூங்கும்போதுதான் எடுப்பார்கள், தேவைப்பட்டால் தூங்க மருந்தும் தருவார்கள். முந்தைய இரவு லேட்டாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டிப்போங்கள், வழியில் காரில் தூங்கவிடாதீர்கள்.