கடல் தண்ணிக்கை விழுந்த போனை அரிசிக்குள்ளை வைக்கலாமோ?

காரைநகர்க் காத்து:
கசூரினாக் கடலிலை தங்கச்சியின்ரை போன் விழுந்திட்டுது. ரெண்டு நிமிசத்துக்குள்ளை எடுத்தாச்சு. பெட்டியிலை ஐபி68 (தண்ணி, தூசி தாங்குற தர இலக்கம்) எண்டு போட்டிருக்கு, ஆனா பின்கண்ணாடியிலை முந்தியே ஒரு வெடிப்பு. இப்பவும் வேலை செய்யுது, சார்ஜ் 60 வீதம். ஸ்பீக்கர் மட்டும் அடைச்ச மாதிரிக் கேக்குது. வீட்டிலை எல்லாரும் அரிசி வாளிக்குள்ளை புதைக்கச் சொல்லினம். செய்யலாமோ?

வடமராட்சி வயர்:
மிச்சத்தை வாசிக்க முதல் போனை ஓஃப் பண்ணுங்கோ தம்பி. வேலை செய்யிறதுதான் இப்ப ஆபத்து. பற்றரியிலை கிட்டத்தட்ட 4 வோல்ட் இருக்கு, உப்புத்தண்ணிக்குள்ளாலை கறண்ட் நல்லாப் பாயும். பாயப் பாய நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைஞ்சு பச்சையாப் படியும்.

அரிசி வேண்டாம். அது இழுத்தாலும் ஈரத்தைத்தான் இழுக்கும், உப்பு உள்ளுக்கையே கிடக்கும். ஒரு லீற்றர் கடல்நீரிலை ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதிலை மக்னீசியம் குளோரைட்டும் இருக்கு, அது காத்திலை இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக் கரையிற சாமான். கோடையிலை பிழைச்ச போன் மாரி தொடங்கப் படுக்கிறது இதாலைதான். அரிசித் துகள் போய்ப் பழுதாக்கும், வைக்காதையுங்கோ எண்டு 2024 இலை அப்பிள் கொம்பனியே சொல்லிப்போட்டுது.

செய்ய வேண்டியது நல்லதண்ணியிலை கழுவுறதுதான். சிம் தட்டு மூடினபடி இருக்கட்டும். உவர்க் கிணறு வேண்டாம், நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணியை ஒரு கோப்பையிலை எடுத்து, சார்ஜ் ஓட்டையிலையும் ஸ்பீக்கர் வலையிலையும் மெல்ல ஊத்துங்கோ. வெடிப்புப் பக்கத்தை மேலை பிடிச்சு, அதிலை தண்ணி படாமப் பாருங்கோ. பைப்பை வேகமாத் திறந்து பிடிச்சா இன்னும் உள்ளுக்கை தள்ளும். எங்கடை தண்ணியிலை சுண்ணாம்பு கூட, கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள். அதாலை கடைசி அலசல் காய்ச்சி வடிச்ச தண்ணியிலை. வாகனப் பற்றரிக்கு ஊத்த விக்கிற தண்ணி அதுதான், ஆனா பக்கத்திலை அசிட் போத்தலும் இருக்கும், லேபிளை வாசிச்சு வாங்குங்கோ.

பிறகு துடைச்சு, சார்ஜ் ஓட்டையைக் கீழ பாக்கப் பிடிச்சு உள்ளங்கையிலை மெல்லத் தட்டுங்கோ. பஞ்சு, ரிஷூ ஒண்டும் ஓட்டைக்குள்ளை விடவேண்டாம்.

மின்மினி:
ஐபி68 பற்றி ஒரு சொல்லு. அந்தச் சோதனை புதுப் போனிலை, நல்ல தண்ணியிலை செய்யிறது. கண்ணாடி வெடிச்ச போனுக்கு அந்த இலக்கத்தை நம்பக்கூடாது.

துடைச்ச பிறகு சிம் தட்டைக் கழட்டி, ரோர்ச் அடிச்சு உள்ளுக்கை பாருங்கோ. கனக்கப் போன்களிலை அங்கை சின்ன வெள்ளை ஒட்டு ஒண்டு இருக்கும். சிவந்திருந்தா தண்ணி உள்ளுக்கை போட்டுது, திறந்து கழுவாமப் பிழைக்காது. தண்ணியை வெளியேத்திற சத்தம் போடுற அப் எல்லாம் துளியை வெளியிலை தள்ளுமே தவிர உப்பை எடுக்காது. அதுக்குப் போனை ஓன் பண்ணவும் வேணும், அதுவே பிழை.

காரைநகர்க் காத்து:
ஓஃப் பண்ணிக் கழுவியாச்சு. ஒட்டு சிவப்பாத்தான் இருக்கு. நாளைக்கு ஞாயிறு, கடை பூட்டு. திங்கள் மட்டும் வெயிலிலை வைக்கட்டோ? சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வீட்டிலை இருக்கு, அதை ஊத்தினா?

வடமராட்சி வயர்:
ரெண்டும் வேண்டாம். மதிய வெயில் பற்றரிக்குக் கூடாது, தலைமயிர் காயவைக்கிற மெசினும் அப்பிடித்தான். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலை ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், போர்ட்டிலை (உள்ளுக்கை இருக்கிற மின்சுற்றுப் பலகையிலை) பிசுபிசுப்பாப் படியும். கடைக்காரர் பாவிக்கிறது 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல். பாமசியிலை கிடைக்கிற 70 வீதத்திலை மிச்சம் பெரும்பாலும் தண்ணி.

ஃபான் காத்திலை, சார்ஜ் ஓட்டை கீழ பாக்கச் சாய்ச்சு வையுங்கோ. சார்ஜ் போடவே வேண்டாம், வட்சப் பாக்க ஒருக்கா ஓன் பண்ணிறதும் கூடாது. சிம்மைத் துடைச்சு வேறை போனிலை போடலாம். வீட்டிலை வைச்சுத் திருத்துற ஆக்கள் ஞாயிறிலையும் செய்வினம், விசாரியுங்கோ. ஒரு நாள் முந்தினாலும் பச்சை பிடிக்கிறது குறையும்.

குடுக்கேக்கை இப்பிடிக் கேளுங்கோ: முதல் பற்றரி இணைப்பைக் கழட்டுவியளோ? போர்ட்டை வெளியிலை எடுத்து, தகர மூடியளுக்குக் கீழையும் அல்ககோலும் மெல்லிய பிரசும் போட்டுக் கழுவுவியளோ? ஹொட் எயர் மட்டும் அடிச்சுத் தாறன் எண்டா, அங்கை குடுக்காதையுங்கோ. திரையையும் கமராவையும் அல்ககோலுக்குள்ளை தோய்க்கவும் கூடாது.

மின்மினி:
பற்றரியையும் மாத்தச் சொல்லுங்கோ. 2022 இலை இயன் சூறாவளிக்குப் பிறகு, புளோரிடாவிலை கடல்நீர் பூந்த மின்கார்கள் தண்ணி வடிஞ்ச பிறகும் தீப்பிடிச்சது. அதுவும் லிதியம் பற்றரிதான். திரை ஓரம் கிளம்பினா, முதுகு வீங்கினா, இல்லாட்டி இனிப்பு மணம் மாதிரி வந்தா அமத்தவும் குத்தவும் வேண்டாம். கட்டிலிலை, மெத்தையிலை வையாமல், வெளியிலை மணல் போட்ட தகர வாளிக்கை வைச்சிட்டுத் தள்ளி நில்லுங்கோ.