பரு போய்த் திரும்ப வருது: மருந்தை நிறுத்தின பிறகு என்ன போட வேணும்?

கொழும்பு6:
தங்கச்சிக்கு வயது 23. வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில வேலைக்குப் போய் வாறா. நெற்றியிலயும் நாடியிலயும் பரு. டொக்டர் எழுதினது டொக்சிசைக்ளின் 100 மி.கி குளிசை நாளுக்கு ஒன்று, இரவில கிளிண்டாமைசின் ஜெல். மூன்று மாதத்தில முகம் நல்லாத் தெளிஞ்சிட்டுது. குளிசை முடிஞ்சதோட ஜெல்லையும் விட்டிட்டா. இப்ப இரண்டு மாதம் போக, நெற்றியில சின்னச் சின்னதாயும் நாடியில பெரிசா நோகிற மாதிரியும் திரும்ப வருது.

ஏன் திரும்ப வருது? டொக்டர் தந்த பழைய மருந்துத் துண்டைக் காட்டி அதே குளிசையை வாங்கிப் போடலாமா? முகம் தெளிஞ்ச பிறகு என்ன போட வேணும், எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு? "நல்லா முகம் கழுவு, தண்ணி குடி" எண்ட பதில்கள் வேண்டாம், அதெல்லாம் வீட்டிலயே கிடைக்குது.

குளிசைப்பெட்டி:
பழைய துண்டோட பார்மசிக்குப் போக வேண்டாம். அதை முதல்ல சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன்.

முகத்தில தெரியிற பரு கடைசிக் கட்டம். அதுக்குச் சில கிழமைகளுக்கு முதலே, சிலருக்கு இரண்டு மாதத்துக்குக் கிட்ட, மயிர்க்கால் துவாரத்துக்குள்ள செத்த தோல் செதிலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடைக்கத் தொடங்கியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அந்த அடைப்புக்குள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் எண்ட கிருமி பெருகி, வீங்கிச் சிவக்கேக்கதான் எங்களுக்குப் பருவாத் தெரியும். டொக்சிசைக்ளின் கிருமியைக் குறைச்சு வீக்கத்தைத் தணிக்கும். கிளிண்டாமைசினும் ஏறக்குறைய அதே வேலைதான். துவாரம் அடைபடுறதை இரண்டும் பெரிசாத் தடுக்காது. மருந்து நிண்ட அண்டே உள்ளுக்குள்ள அடைப்புத் தொடங்கினால் இரண்டு மாதத்தில வெளியில தெரியும். தங்கச்சிக்கு நடந்தது அதுதான்.

அந்த மருந்துத் திட்டத்தில இன்னொரு குறையும் இருக்கு. வாயாலயும் அன்டிபயோட்டிக், மேலயும் அன்டிபயோட்டிக், ஆனால் பென்சோயில் பெரொக்சைட் இல்லை. பென்சோயில் பெரொக்சைட் கிருமியை நேரடியாகக் கொல்லும், அதுக்கு எதிராகக் கிருமி பழகிப் போறதில்லை. கூட அது இல்லாமல் அன்டிபயோட்டிக்கை மாதக்கணக்கில போட்டால் மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். அடுத்த முறை அதே குளிசை முன்ன மாதிரி வேலை செய்யாது. குளிசையை மூன்று, நாலு மாதத்தோட நிறுத்துறதும் இதுக்காகத்தான்.

முகம் தெளிஞ்ச பிறகு போட வேண்டியது அடப்பலீன் 0.1% ஜெல். துவாரம் அடைபடாமல் தடுக்கிறது இந்த ரெட்டினோயிட் வகை மருந்துதான். இரவில முகத்தைச் சாதாரண மென்மையான கிளென்சரால கழுவி, ஒத்தித் துடைச்சு, 15–20 நிமிஷம் காய விடுங்கோ. ஈரத் தோலில போட்டால் எரிவு கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு காணும். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், நாடி எண்டு புள்ளி வைச்சுப் பரப்புங்கோ. கண்ணோரம், மூக்குமடல் மடிப்பு, வாய் மூலை மூன்றையும் விட்டிடுங்கோ. அதுக்கு மேல எண்ணெய்ப் பசையில்லாத மொய்ஸ்சரைசர்.

முதல் இரண்டு கிழமை ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் தாங்கினால் பிறகு ஒவ்வொரு இரவும். இரண்டாம் கிழமைக்கும் நாலாம் கிழமைக்கும் இடையில தோல் உரியும், சிலருக்கு பரு கொஞ்சம் கூடியும் தெரியும். கன பேர் அந்த இடத்திலதான் ஜெல்லைத் தூக்கிப் போடுறது. 12 கிழமைக்கு முதல் சரிவருதா இல்லையா எண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. 15 கிராம் டியூப் ஒரு மாதத்துக்கு முதலே முடிஞ்சால் ஆள் கூடப் போடுறா எண்டு அர்த்தம்.

பரு இருக்கிற இடத்தில மட்டும் தொட்டு வைக்கிறதில பிரயோசனமில்லை. நாளைக்கு வரப்போற பரு இண்டைக்குச் சுத்தமாத் தெரியிற தோலுக்குக் கீழதான் இருக்கு.

காலையில பென்சோயில் பெரொக்சைட் 2.5%. 5% போட்டால் எரிவு கூடும், பலன் அந்தளவுக்குக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில தொடங்காமல், அடப்பலீனுக்குத் தோல் பழகின பிறகு இதைச் சேருங்கோ. காலம் எண்டால் குறைஞ்சது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல. நிறுத்தேக்க ஒரேயடியா நிறுத்தாமல் கிழமைக்கு இரண்டு, மூன்று இரவுக்குக் குறைச்சுப் பார்க்கலாம்.

கர்ப்பம் தரிக்கிற எண்ணம் இருந்தால் அடப்பலீன் வேண்டாம். அப்ப அசெலாயிக் அசிட் 20% பற்றி டொக்டரிட்டக் கேளுங்கோ.

தெஹிவளை_நூல்கடை:
மேல சொன்னது சரி. ஆனால் திரும்ப வந்திருப்பது அதே பருதானா என்று பார்க்காமல் மருந்தைத் தொடங்கக் கூடாது. நெற்றியில் சின்னச் சின்னதாக என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே அளவா? கடிக்குதா, அதாவது அரிக்குதா? கரும்புள்ளி, வெண்புள்ளி இடையில் இருக்குதா? தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறவவா? முகத்துக்கு வேறு கிறீம் ஏதாவது பூசினாவா? மாதவிடாய் ஒழுங்காக வருதா?

கொழும்பு6:
கேட்டுப் பார்த்தன். நெற்றியில எல்லாம் ஒரே அளவு, வேர்த்தால் கடிக்குதாம். கரும்புள்ளி ஒண்டும் இல்லை. எண்ணெய் வைக்கிறது உண்மை, அம்மாவின்ர கட்டளை. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருக்கா, சில நேரம் அதுக்கும் பிந்தும். கிறீம் ஒண்டும் பூசேல்லை எண்டுதான் சொல்றா.

தெஹிவளை_நூல்கடை:
அப்படியென்றால் இரண்டு வேறு பிரச்சினைகள் ஒரே முகத்தில் இருக்கலாம்.

முதலில் நெற்றி. ஒரே அளவு, கடி, கரும்புள்ளி இல்லை, அதுவும் நீண்ட அன்டிபயோட்டிக்குக்குப் பிறகு: இது மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்க இடமுண்டு. பார்வைக்குப் பரு மாதிரியே இருக்கும். அன்டிபயோட்டிக் பக்டீரியாவை அடக்க, பூஞ்சைக்கு இடம் கிடைக்கும். அதனால்தான் இதற்குத் திரும்பவும் டொக்சிசைக்ளின் கொடுத்தால் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கொழும்பின் புழுக்கமும் பஸ் வேர்வையும் அதற்கு விருந்து. எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்கள் அதன் உணவு. இரவில் வைத்த எண்ணெய் தலையணை வழியாக நெற்றிக்கு வந்துவிடும்.

தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உறுதிப்படுத்தலாம். பூஞ்சைதான் என்றால் வழக்கமாகத் தருவது கீட்டோகொனசோல் 2% ஷம்பு. நெற்றியில் பூசி 5 நிமிஷம் வைத்துக் கழுவ வேண்டும், நாளுக்கு ஒரு தடவை, இரண்டு முதல் நாலு கிழமை. பிறகு கிழமைக்கு ஒரு தடவை தொடராவிட்டால் இதுவும் திரும்பி வரும். எண்ணெய் வைத்தே ஆக வேண்டுமென்றால் குளிக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் வைத்து, ஷம்பு போட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள். அம்மாவையும் சமாளிக்கலாம்.

அடுத்தது நாடி. பெரிதாக, ஆழத்தில், நோகிற பரு நாடியிலும் தாடை ஓரத்திலும் வந்து, மாதவிடாயும் பிந்தினால் பிசிஓஎஸ் (சூலகத்தோடு தொடர்புள்ள ஹோர்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், டிஎச்இஏ-எஸ், புரோலக்டின், தைரொயிட் ஆகிய ஹோர்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனையோடு தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். நாடியில் தடித்த முடி, உச்சியில் முடி ஐதாகிறது, கழுத்து மடிப்பில் கறுப்பு, இவை இருந்தால் டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஹோர்மோன் காரணம் அப்படியே இருந்தால் ஜெல் மட்டும் பிடித்து நிறுத்தாது. கூட்டுக் கருத்தடைக் குளிசை, ஆண் ஹோர்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பிரோனோலக்டோன் 50–100 மி.கி போன்றவற்றை டொக்டர் யோசிப்பார். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், நிறுத்தினால் இதுவும் திரும்பலாம். ஸ்பிரோனோலக்டோன் எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய மருந்து அது. சிறுநீரக நோய் இருந்தாலோ, நாளுக்கு இரண்டு மூன்று செவ்விளநீர் குடிக்கிற ஆளென்றாலோ முதலே சொல்லிவிடுவது நல்லது.

கிறீம் விஷயத்தில் இன்னொரு தடவை, அம்மா இல்லாத நேரத்தில் கேளுங்கள். லேபல் இல்லாத குப்பியில் வரும் வெள்ளையாக்கும் கிறீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் மாதிரி ஸ்டீரோயிட் கலந்திருப்பதுண்டு, சிலவற்றில் பாதரசமும். போட்ட சில நாளில் முகம் பளிச்சென்று வரும். நிறுத்தினதும் சிவந்து, எரிந்து, பரு கொட்டும். அதற்குப் பயந்து திரும்பப் பூசுவார்கள், தோல் இன்னும் மெலியும். அப்படி ஏதும் பூசியிருந்தால் அடப்பலீன் தொடங்க முன் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். தனியாரில் சனல் பண்ணலாம் (நேரம் பதிந்து காட்டலாம்), தேசிய வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் இருக்கிறது. போகும்போது போட்ட எல்லா டியூப்பையும் குப்பியையும் ஒரு பையில் கொண்டு போங்கள்.

மட்டக்குளி_ராஜ்:
இடையில ஒரு கேள்வி. கடும் பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெட்டினோயின் கப்சியூல் எடுத்தால் நிரந்தரமாப் போயிடும் எண்டு சொல்றாங்களே, அதை எடுத்தவங்களுக்கும் திரும்ப வருதே, ஏன்?

குளிசைப்பெட்டி:
பெரும்பாலும் மொத்த அளவு காணாதது. அந்த மருந்தில நாளுக்கு எத்தனை மி.கி எண்டதை விட முழுச் சிகிச்சையிலயும் மொத்தம் எவ்வளவு உள்ள போச்சுது எண்டதையும் பார்க்க வேணும். வழமையான இலக்கு உடம்பு நிறையில கிலோவுக்கு 120–150 மி.கி. 55 கிலோ ஆள் எண்டால் 6,600 முதல் 8,250 மி.கி. நாளுக்கு 20 மி.கி வீதம் நாலு மாதம் எடுத்தால் 2,400 மி.கி தான் வரும். கிலோவுக்கு 44 கூட இல்லை. முகம் தெளிஞ்சிட்டுது எண்டு அதோட நிறுத்தினால் திரும்புறதுக்கு வாய்ப்புக் கூட.

இரண்டாவது, வெறும் வயிற்றில எடுக்கிறது. சாதாரண கப்சியூல் கொழுப்புள்ள சாப்பாட்டோட எடுத்தால்தான் ஒழுங்கா உறிஞ்சுப்படும். காலையில வெறும் தேத்தண்ணியோட விழுங்கினால் கணக்கில மட்டும்தான் 20 மி.கி. அதோட 16 வயசுக்குக் குறைஞ்ச ஆக்கள், முதுகிலயும் நெஞ்சிலயும் கூட உள்ளவை, பிசிஓஎஸ் உள்ளவை, இவைக்குச் சரியா எடுத்தாலும் திரும்ப வரலாம். முடிச்சுத் தோல் வறட்சி குறைஞ்ச பிறகு அடப்பலீன் தொடர்றது அதுக்குத்தான்.

இதை ஒருத்தரும் தங்கட பாட்டில வாங்கி எடுக்கப்படாது. ஈரலும் இரத்தக் கொழுப்பும் பரிசோதிக்க வேணும். பெண்கள் எண்டால் தொடங்க ஒரு மாதம் முதல், எடுக்கிற காலம் முழுக்க, முடிஞ்சு ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பத்தடை கட்டாயம். குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு வரலாம்.

மட்டக்குளி_ராஜ்:
நன்றி அண்ணை. ஹெல்மெட் பட்டி படுற இடத்தில மட்டும் வாறதுக்கும் இதே மருந்தா?

குளிசைப்பெட்டி:
அது உரசலும் வேர்வையும் சேர்ந்து வாறது தம்பி. பட்டியையும் உள் பஞ்சையும் கிழமைக்கு ஒருக்காக் கழுவிக் காய வையுங்கோ, பட்டிக்கு ஒரு பருத்தித் துணி உறை போடுங்கோ. உரசல் தொடர்ந்தால் மேல பூசுற மருந்து தோலை இன்னும் எரிக்கும்.

கொழும்பு6:
தோல் நிபுணரிட்டக் காட்டப் போறம். கடைசியா ரெண்டு. சாப்பாட்டில ஏதாவது நிறுத்த வேணுமா? பழைய கறுப்பு அடையாளத்துக்கு தேசிக்காய்ச் சாறு பூசலாமா?

தெஹிவளை_நூல்கடை:
தேசிக்காய் வேண்டவே வேண்டாம். தோலை எரித்து, வெயில் பட்டால் இன்னும் கறுக்க வைக்கும். பற்பசையும் அப்படித்தான். அந்த அடையாளம் பரு அல்ல, வீக்கம் ஆறின இடத்தில் மிஞ்சின நிறம். எங்கள் நிறத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும், வெயிலில் கூடும். எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட ஜெல் வகை சன்ஸ்கிறீனைக் காலையில் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசச் சொல்லுங்கள். மதியம் வெளியில் போனால் திரும்பவும். அடப்பலீனும் மெதுவாக நிறத்தைக் குறைக்கும்.

சாப்பாட்டில் சீனியும் வெள்ளைப் பாணும் இரத்தச் சீனியை வேகமாக ஏற்றும். அவற்றைக் குறைத்தவர்களுக்குப் பரு ஓரளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலுக்கும் தொடர்பு பேசப்படுகிறது, ஆனால் அந்த ஆதாரம் அவ்வளவு பலமில்லை. பால்தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி என்றால் முதலில் சீனியில் கை வையுங்கள். பொரியல் எண்ணெய் நேராக முகத்தில் பருவாக வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

குளிசைப்பெட்டி:
ஒண்டு விட்டிட்டன். பென்சோயில் பெரொக்சைட் துணியின்ர சாயத்தை வெளுக்கும். அதைப் போடத் தொடங்கினால் வெள்ளைத் துவாயும் வெள்ளைத் தலையணை உறையும் பாவிக்கச் சொல்லுங்கோ, வேலைக்குப் போற கலர் பிளவுஸைப் போட முதல் முகமும் கழுத்தும் நல்லாக் காய வேணும்.