மாட்டர்ஹார்ன், ஹோர்ன்லி முகடு: வழிகாட்டி இல்லாமல் இரண்டு பேர். ரோப் எத்தனை மீட்டர், எங்கே திரும்ப வேண்டும்?

பனிப்பூனை:

ஜூலை கடைசி வாரத்தில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் ஒன்பது நாள் இருப்போம், இரண்டு பேர். பாறையில் ஐந்தாம் கிரேடு வரை லீட் செய்வோம் (ரோப்போடு முதலில் ஏறுவது). கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) பழக்கம் உண்டு. ஹோர்ன்லி முகடு வழியாக மாட்டர்ஹார்ன் (4478 மீ.) ஏற வேண்டும், வழிகாட்டி வைக்கும் எண்ணமில்லை.

புத்தகத்தில் ஏ.டி. (ஓரளவு கடினம்) கிரேடு, பாறை மூன்றாம் கிரேடு என்றுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் இத்தனை பேர் பாதியில் திரும்புகிறார்கள்? எங்களிடம் 60 மீட்டர் சிங்கிள் ரோப் ஒன்று இருக்கிறது. இறங்கும்போது முழுக்க ராப்பெல் செய்துவிடலாம் (ரோப்பில் தொங்கியபடி சறுக்கி இறங்குவது) என்று நினைக்கிறோம், சரியா? இத்தாலிப் பக்கத்து லயன் முகட்டில் கூட்டம் குறைவு என்கிறார்களே, அது தேவலையா?

கற்கொம்பு:

முழுக்க ராப்பெல் என்பதை இப்போதே மறந்துவிடுங்கள். 60 மீட்டர் ரோப்பை மடித்துப் போட்டால் ஒரு இறக்கம் 30 மீட்டர். கிளம்பும் இடமான ஹோர்ன்லி குடில் 3260 மீட்டரில், உச்சி 4478இல். செங்குத்துக் கணக்கில் மட்டுமே நாற்பது ராப்பெல். இரண்டு பேருக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம். அதுவும் ரோப் ஒரு தடவைகூடச் சிக்காமல் வந்தால். அந்த முகடு அவ்வளவு செங்குத்து இல்லை. படிப்படியாக, உதிரிக் கல் நிறைந்தது. ரோப்பை உருவும்போது ஏதாவது ஒரு கொம்பில் (துருத்தி நிற்கும் பாறையில்) மாட்டும், இல்லையென்றால் கீழே நிற்பவர் தலையில் கல்லைத் தள்ளும்.

பாதியில் திரும்புவதற்குக் காரணம் கிரேடு இல்லை, நேரம். மூன்றாம் கிரேடுதான், ஆனால் அதை ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், கனமான பூட்ஸோடு, பெரும்பாலும் பிலே (மற்றவர் ரோப்பைப் பிடித்துக் காப்பது) போடாமல், 1200 மீட்டர் நிற்காமல் ஏறி, அதே வழியில் கையும் காலுமாக இறங்கவும் வேண்டும். ஸ்போர்ட் ரூட்டில் ஏழாம் கிரேடு போகிறவர்கள்கூட ஒவ்வொரு 30 மீட்டருக்கும் பாறையில் ஆங்கர் (பிடிமானம்) கட்டி பிலே செய்து, பத்து மணிக்குப் பாதி மலையில் நிற்பார்கள்.

நேரக் கணக்கு: 4003 மீட்டரில் சால்வே அவசரக் குடில் இருக்கிறது. ஹோர்ன்லியிலிருந்து அதுவரை 743 மீட்டர். இரண்டரை மணி நேரத்துக்குள் போனால் நல்லது. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் அங்கேயே திரும்ப வேண்டும், பேச்சே இல்லை. மேலே இன்னும் 475 மீட்டர், அதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இறங்குவதற்கு ஏறிய நேரமே ஆகும், களைத்திருந்தால் கூடுதலாகவும் ஆகும். அதிகாலை நாலேகாலுக்குக் கிளம்பி ஆறே முக்காலுக்கு சால்வே, ஒன்பதுக்கு உச்சி என்றால் இரண்டு மணி வாக்கில் குடிலுக்குள் இருப்பீர்கள். கோடையில் இடி மின்னல் வருவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான்.

வழி தப்புவது பெரும்பாலும் சால்வேக்குக் கீழே. முகட்டின் உச்சிக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்று நினைப்பார்கள். கீழ்ப்பாதியில் வழி பெரும்பாலும் இடப்பக்கமாக, கிழக்கு முகத்தில் சற்றே விலகிப் போகும். ரொம்ப விலகினால் சரளைக்குள் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு அடையாளம் போதும்: சரியான வழியில் பாறை கெட்டியாக, வழவழவென்று தேய்ந்து, கிராம்பான் கீறல்களோடு இருக்கும். காலடியில் கல் அசைகிறது, கீறலே காணோம் என்றால் வழி தப்பிவிட்டீர்கள். மேலே ஏறிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கடைசியாகக் கீறல் பார்த்த இடத்துக்கே இறங்கி வாருங்கள்.

முந்தின நாள் மதியமே குடிலுக்குப் போய்விடுங்கள். செர்மாட்டிலிருந்து ஷ்வார்ட்ஸ்சே வரை (2583 மீ.) கேபிள் கார், அங்கிருந்து இரண்டு, இரண்டரை மணி நடை. பையை வைத்துவிட்டு முகட்டின் முதல் ஒரு மணி நேர வழியைப் பகலிலேயே ஏறிப் பாருங்கள். குடிலை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களிலேயே கனமான ரோப் தொங்கும் செங்குத்துச் சுவர் வரும். விடிகாலையில் வரிசை நிற்பது அங்கேதான். முதலில் வழிகாட்டிகளும் அவர்களுடைய ஆட்களும், தனியாக வருபவர்கள் பின்னால். முண்டியடிக்காதீர்கள்.

கயிற்றுவால்:

கற்கொம்பு சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. ராப்பெல்லே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சால்வேக்குச் சற்றுக் கீழே ஒன்று, சற்று மேலே ஒன்று என்று இரண்டு மோஸ்லி பாறைகள் இருக்கின்றன. இந்த இரண்டிலும், முகட்டின் மேற்பகுதியில் 'தோள்' எனப்படும் இடத்துக்கு மேலே ஃபிக்ஸ்டு ரோப் (நிரந்தரமாகக் கட்டிய கயிறு) உள்ள இடங்களிலும் ராப்பெல் செய்வது நியாயம். அதைவிட வேகமான வழி ஒன்று உண்டு. மேற்பகுதியில் ஆங்காங்கே பாறையில் இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மேலே நிற்பவர் கம்பத்தில் காரபினர் (திறந்து மூடும் கொக்கி) போட்டு முண்டர் ஹிட்சில் (ரோப் ஓட்டத்தைத் தடுக்கும் முடிச்சில்) மற்றவரைக் கீழே இறக்கலாம். பிறகு அவர் தானே இறங்கி வர, கீழே இருப்பவர் வழியில் உள்ள கம்பத்தைச் சுற்றி வரும் ரோப்பைப் பிடித்துக்கொள்ளலாம். இறங்குவதில் தெம்பான ஆள் கடைசியில் வர வேண்டும்.

இதற்கு 60 மீட்டர் தேவையில்லை. 40 மீட்டர் சிங்கிள் ரோப் போதும். 20 மீட்டர் ராப்பெல் கிடைக்கும், எடையும் குறையும். ஆனால் 20 மீட்டரில் அடுத்த நிலைக்கு எட்டாமல் போகலாம், ஆகவே ரோப்பின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போடாமல் இறங்காதீர்கள். கூடவே 120 செ.மீ. ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை) மூன்று, லாக்கிங் காரபினர் ஆளுக்கு மூன்று. பாறை இடுக்கில் செருகும் ஃபிரெண்டு, நட் எல்லாம் பையில் சும்மா கனக்கும்.

சேர்ந்து நகரும்போது இருவருக்கும் நடுவே பத்து மீட்டருக்கு மேல் வேண்டாம். மீதியைச் சுருளாகத் தோளில் போட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வழக்கம்போல ஹார்னஸில் (இடுப்பு வாரில்) கட்டிக்கொண்டு, கழுத்திலும் ஒரு தோளின் அடியிலுமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள்; ஒவ்வொரு சுற்றின் அடியும் ஹார்னஸ் உயரத்துக்கு வர வேண்டும். முடிந்ததும் எதிராளி பக்கம் போகும் ரோப்பை ஒரு மடிப்பாக எடுத்து பிலே லூப்புக்குள் (ஹார்னஸின் முன்பக்க வளையத்துக்குள்) நுழைத்து, எல்லாச் சுருளையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, மிச்சமிருக்கும் கண்ணியை லாக்கிங் காரபினரில் பிலே லூப்பிலேயே மாட்டுங்கள். இழுத்துப் பார்த்தால் பாரம் ஹார்னஸில் விழ வேண்டும், சுருள் அசையவே கூடாது. இந்த முடிச்சு இல்லையென்றால், மற்றவர் விழும்போது சுருள் உங்கள் கழுத்தை இறுக்கும்.

போகப் போக ரோப்பைக் கொம்புகளுக்கு இடமும் வலமுமாக நெய்துகொண்டே போக வேண்டும். இருவருக்கும் நடுவே எப்போதும் குறைந்தது ஒரு கொம்பு, முடிந்தால் இரண்டு. எங்குமே மாட்டாமல் வெறுமனே இருவரைக் கட்டியிருக்கும் ரோப் ஒருவர் விழுந்தால் இருவரையும் கொண்டுபோகும். 1865 ஜூலை 14இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஏழு பேரில் நான்கு பேர் இறக்கத்தில் மாண்டது இப்படித்தான்: ஹாடோ வழுக்கி குரோஸ் மேல் விழ, ஹட்சனும் டக்ளஸும் இழுபட்டார்கள். டக்ளஸுக்கும் டவுக்வால்டருக்கும் நடுவே ரோப் அறுந்ததால்தான் மேலே இருந்த மூவர் பிழைத்தார்கள்.

பனிப்பூனை:

ரொம்ப நன்றி. கழுத்துச் சுருளில் அந்த முடிச்சு எங்களுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு சந்தேகம். சால்வேயில் பத்துப் படுக்கை இருக்கிறதாமே, முதல் நாள் அதுவரை போய்த் தங்கிவிட்டால் நேரம் மிச்சம்தானே? கிராம்பான் எங்கே மாட்டுவது?

கற்கொம்பு:

சால்வே ஆபத்தில் மாட்டியவர்களுக்கு மட்டும். திட்டம் போட்டுத் தங்க அனுமதியில்லை. அப்படியே தங்கினாலும் ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அந்த முகட்டில் சுமந்து ஏற வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்த நேரத்தை அந்தச் சுமையே தின்றுவிடும்.

கிராம்பான் அந்த வாரத்து நிலைமையைப் பொறுத்தது. சாதாரணமாகத் தோளில், சுமார் 4200 மீட்டரில். ஃபிக்ஸ்டு ரோப் தொடங்கும் முன்னே, கால் வைக்க இடமிருக்கும்போதே மாட்டுங்கள். பனிச்சரிவு வந்த பிறகு ஒற்றைக்காலில் நின்று மாட்டுவது வேண்டாத வேலை. அந்த ரோப்புகள் கை மணிக்கட்டு கனம் இருக்கும், காலையில் உறைந்திருக்கும். தோல் உள்ளங்கை வைத்த மெல்லிய கையுறை வேண்டும். தடித்த கையுறையில் பிடி நிற்காது. கையால் மட்டும் இழுத்து ஏறினால் ஐந்து நிமிடத்தில் முன்கை செத்துவிடும். கிராம்பானின் முன்பற்களைப் பாறைப்படியில் வைத்துக் காலால் எழும்புங்கள், கை சமநிலைக்கு மட்டும். ஹார்னஸில் ஒரு குட்டை ஸ்லிங்கும் காரபினரும் இருந்தால் கம்பத்தில் மாட்டி மூச்சு வாங்கலாம்.

புதுப்பனி விழுந்திருந்தால் வெயில் இரண்டு மூன்று நாள் அடிக்கும் வரை பொறுங்கள். மேல் மோஸ்லி பாறையில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தால் மூன்றாம் கிரேடு என்ற கணக்கே செல்லாது. ரொம்பச் சூடான வாரமும் நல்லதல்ல. பாறை இடுக்கில் உறைந்திருக்கும் ஐஸ்தான் பசை மாதிரி கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. 2003 வெயிலில் ஜூலையில் முகட்டிலேயே பாறை சரிந்து, மேலே மாட்டியவர்களை ஹெலிகாப்டரில் இறக்கி, வழியைக் கொஞ்ச நாள் மூட வேண்டி வந்தது.

வடதிசை:

லயன் முகட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. கூட்டம் குறைவெண்டு மட்டும் பார்த்துப் போக வேண்டாம். கிரேடு அரைப்படி கூட, ஏ.டி. பிளஸ். இத்தாலிப் பக்கத்து ஊரான செர்வீனியாவில இருந்து ஓரியோந்தே குடில் (2802 மீ.), பிறகு காரெல் குடில் 3830 மீட்டரில. அந்த உயரத்தில நித்திரை கொள்ள உடம்பு பழகியிருக்க வேணும், இல்லாட்டி தலையிடியோடதான் விடியும். மேலே போனால் செங்குத்தில தொங்கிற கயிறுகளும் ஜோர்டான் ஏணியும், கை பலம் நிறைய வேணும். அந்தப் பக்கத்தில கல் விழுந்து வழி மூடுறதும் உண்டு, முதலே செர்வீனியா வழிகாட்டிகளிட்டக் கேளுங்கோ. முதல் தடவைக்கு ஹோர்ன்லிதான் சரி.

ஒன்பது நாளில முதல் ரெண்டு நாள் ரிஃபெல்ஹார்ன் (2928 மீ.) பாறையில பூட்ஸோட ஏறுங்கோ. ஏறுறதை விட இறங்கிப் பழகிறதுதான் முக்கியம். மூன்றாம் கிரேடில சுவரைப் பார்க்காமல், வெளியைப் பார்த்தபடி இறங்க வரவேணும். பிறகு கேபிள் காரில கிளைன் மாட்டர்ஹார்ன் (3883 மீ.) போய் பிரைட்ஹார்ன், அடுத்து பொல்லுக்ஸ் (4092 மீ.). பொல்லுக்ஸில தொங்கிற கனக் கயிறு ஹோர்ன்லிக்கு நல்ல ஒத்திகை. ஒரு நாள் ஓய்வு. மிச்ச நாளெல்லாம் நல்ல காலநிலைக்குக் காத்திருக்க வைச்சுக்கொள்ளுங்கோ.

செர்மாட் இருக்கிற வலே மாநிலத்தில மீட்புக்கு 144. ஏர் செர்மாட் மீட்பு அட்டையைப் போக முதலே எடுத்து வையுங்கோ. ஹெலி வந்தால் ரெண்டு கையையும் மேலே விரிச்சு நிண்டால் உதவி வேணும் எண்டு அர்த்தம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே எண்டால் வேண்டாம். சும்மா கை காட்டி வணக்கம் சொல்லிப் போடாதேங்கோ, இறக்கிப்போடுவாங்கள்.

கயிற்றுவால்:

வெளியைப் பார்த்து இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஃபிக்ஸ்டு ரோப் இடங்களில் மட்டும் சுவரைப் பார்த்தே இறங்குங்கள். மற்ற இடத்தில் பையின் அடிப்பாகம் பாறையில் இடித்து ஆளை முன்னே தள்ளும். 30 லிட்டருக்கு மேல் பை வேண்டாம், ஐஸ் ஆக்ஸைப் பைக்கும் முதுகுக்கும் நடுவே நேராகச் செருகுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் பழைய குடிலின் இடிபாட்டுக்குக் கீழே (3818 மீ.) வரும் இடுக்குகளில் மாட்டும்.