பனியில் குதிரை ஓட்டினால் கண்ணில் நீர், தோலில் எரிச்சல். அவசர உதவி தேவை

லாயத்துக்காரி
வணக்கம். போன மாதம்தான் குதிரையேற்றம் பழக ஆரம்பித்தேன். வெளியே போனாலே கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, எதிரே இருப்பது தெரியவில்லை. வீடு திரும்பினால் தோல் சிவந்து எரிகிறது, அரிக்கிறது. கண்ணாடி போட்டால் ஆவி படிகிறது. சனிக்கிழமை மறுபடி போக வேண்டும். என்ன பூசலாம், என்ன போடலாம்?

கோத்தகிரி மணி
ஊட்டிப் பக்கம் உறைபனியில் எத்தனையோ காலை ஓட்டியிருக்கிறேன். கன்னத்தில் தேங்காய் எண்ணெய், கழுத்தில் ஒரு மஃப்ளர், அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது.

பழைய சேணம்
இந்தக் குழுவில் பத்து வருடமாக ஒரே விஷயத்தைச் சொல்லி வருகிறேன்: விவரம் இல்லாமல் கேள்வி கேட்காதீர்கள். எந்த ஊர்? எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்? நடையா, ட்ராட்டா (துள்ளோட்டமா)? கண்ணில் கான்டாக்ட் லென்ஸா? இது எதுவும் தெரியாமல் எண்ணெய் பூசச் சொல்கிறவர்களையும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

நைட் ஷிஃப்ட்
தோல் என்றால் எந்த இடம்? முகமா, கையா?

எட்மன்டன் அண்ணர்
பிள்ளை, கனடாவோ? லென்ஸ் போட்டுக்கொண்டு மட்டும் போகாதேயுங்கோ. கடும் குளிரில் அது கண்ணோடு உறைந்து ஒட்டிவிடும் என்று இங்கே எல்லாரும் கதைக்கிறவை.

லாயத்துக்காரி
மன்னிக்கவும், வேலை நேரத்தில் எழுதினேன். கால்கரிக்கு மேற்கே, காக்ரேன் பக்கம். போன சனி மைனஸ் 17. காற்றே இல்லை. ஒன்றேகால் மணி நேரம், பாதிக்கு மேல் ட்ராட். லென்ஸ்தான் போடுகிறேன். வெயில் நன்றாக இருந்தது.

பழைய சேணம்
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். காற்றே இல்லை என்பது சும்மா நிற்கிறவருக்கு. குதிரை ட்ராட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது, அந்தக் காற்று முழுக்க உங்கள் முகத்தில்தான் அடிக்கிறது. கனடாவில் சொல்லும் காற்றுக்குளிர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மைனஸ் 17 உங்கள் கன்னத்துக்கு மைனஸ் 25. மைனஸ் 20-இல் அதே ட்ராட் என்றால் மைனஸ் 29. மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். எனவே வேகத்தைக் குறையுங்கள், மற்றது அப்புறம்.

கண்ணில் நீர் வருவது கண் காய்வதால். குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு, கண்ணின் மேல் படலம் சட்டென்று உலர்கிறது, அதை ஈடுகட்டத்தான் நீர் சுரக்கிறது. துடைத்துப் பயனில்லை. காற்றை மறிக்க வேண்டும்.

பனிமலர்
அண்ணர், லென்ஸ் கண்ணோடு உறையாது. கண்ணுக்கு உடம்புச் சூடும் ரத்த ஓட்டமும் இருக்கிறது. ஆனால் லென்ஸ் காய்ந்து உறுத்தும், அது உண்மை. பதப்படுத்தும் மருந்து சேர்க்காத கண் சொட்டு நீரைப் போகும் முன் விட்டுக்கொள்ளுங்கள். குப்பியை உள்சட்டைப் பையில் வையுங்கள், வெளிப்பையில் உறைந்துவிடும்.

நான் போடுவது பனிச்சறுக்குக்காரர்கள் போடும் பெரிய கண்ணாடி. இரண்டு அடுக்கு வில்லை, மேலே காற்றுத் துளை. கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப் போய், இரண்டையும் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் குதிரையின் தோள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு ஒன்றைப் பாருங்கள். கறுத்த வில்லை வேண்டாம், மாலை நிழலில் குழி தெரியாது. ரோஸ் அல்லது மஞ்சள் நல்லது.

ஆவிக்குக் காரணம் மஃப்ளர். மூச்சு மூக்கோரமாக மேலே ஏறிக் கண்ணாடிக்குள் போகிறது. மெல்லிய குரங்குக் குல்லாவை ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டு, அதன் மேல் விளிம்பு கண்ணாடியின் நுரைப்பஞ்சு ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி விடுங்கள். ஆவி படிந்தாலும் உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள், ஆவி தடுக்கும் பூச்சு போய்விடும். நெற்றிக்கு மேல் தூக்கியும் வைக்காதீர்கள், தலைச் சூட்டில் மறுபடி மங்கும்.

முதல் நாள் அப்படி மாட்டிக்கொண்டு போனபோது என் குதிரை இரண்டு அடி பின்னால் போய்க் காதை விறைத்து நின்றது. கண்ணாடியைக் கழற்றி, பேசிக்கொண்டே கையை முகரவிட்டு, அதன் கண்ணெதிரே மறுபடி மாட்டினேன். அப்புறம்தான் ஏற விட்டது. நீங்களும் லாயத்திலேயே காட்டிப் பழக்குங்கள்.

கோத்தகிரி மணி
எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல என்ன ஆதாரம்? எங்கள் அப்பா காலத்திலிருந்து பூசுகிறோம்.

பழைய சேணம்
உங்கள் அப்பா மைனஸ் 17-இல் ஓட்டவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே கட்டிப்படும். பின்லாந்தில் ராணுவத்துக்கு வந்த இளைஞர்களை ஆராய்ந்தார்கள். முகத்தில் களிம்பு பூசியவர்களுக்கு உறைகாயம் குறையவில்லை, அதிகமாகவே ஆனது. பூசினால் காப்பாக இருப்பது போல் தோன்றும், அந்தத் தைரியத்தில் துணியை விலக்கிவிடுவோம்.

கோத்தகிரி மணி
வெடிப்புக்கும் பூசக்கூடாதா? வெடிப்பு வேறு, உறைவது வேறு. இரண்டையும் குழப்புவது நீங்கள்தான்.

பனிமலர்
மணி அண்ணா சொல்வதிலும் நியாயம் உண்டு. காய்ந்த தோலுக்கு வாசலினை இரவில் பூசலாம். துணிக்குப் பதிலாகத்தான் அதை நம்பக்கூடாது. பகலில் கன்னத்துக்கும் மூக்குக்கும் சன்ஸ்கிரீன் அவசியம். புதுப் பனி மேலே விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கால்கரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிர்காலச் சூரியனோ தாழ்வாக நின்று ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே புகுந்து வரும். ஓட்டிய அன்று இரவில் கண்ணில் மணல் போட்டது போல் உறுத்தினால் அது பனிக்குருடு. லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் இருங்கள். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறும். பார்வை மங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எட்மன்டன் அண்ணர்
எல்லாம் சரி, குதிரையை ஆர் நினைக்கிறியள்? வாய் இரும்பைக் கையில் வைத்துச் சூடாக்கிப்போட்டுத்தான் வாயில் போட வேணும். மைனஸ் 20-க்குக் கீழே நான் ட்ராட்டே விடமாட்டன், அதுகளின்ர மூச்சுக்குழாய்க்குக் கூடாது.

பழைய சேணம்
அது வேறு தலைப்பு. தனி இழை திறந்தால் பதில் சொல்கிறேன். குளிர்கால மயிர் வளர்ந்த குதிரைக்கு மைனஸ் 15 வரை பெரிய சிரமம் இல்லை என்பதையும் அங்கே பேசலாம்.

எட்மன்டன் அண்ணர்
சும்மா நிற்கிற குதிரைக்கு அது சரி. வியர்வையில் நனைஞ்ச குதிரைக்கு? நனைஞ்ச மயிர் குளிரைத் தடுக்காது. நீங்கள் லாயத்தில் வேலை செய்திருக்கிறியளோ?

நைட் ஷிஃப்ட்
மூன்றாவது முறையாகக் கேட்க வைக்காதே தங்கச்சி. அரிப்பும் எரிச்சலும் எந்த இடத்தில்?

லாயத்துக்காரி
ஐயோ, முகம் இல்லை அக்கா. முகத்துக்கு மஃப்ளர் இருக்கிறதே. தொடை. வெளிப்பக்கம், மேல்பாதி, இரண்டு காலிலும். சிவப்பாகத் தடித்து, தொட்டால் உள்ளே கட்டி போல் இருக்கிறது. சில இடம் ஊதா நிறம். பயிற்சிக்கு வாங்கிய இறுக்கமான பேன்ட்தான் போடுகிறேன்.

நைட் ஷிஃப்ட்
அப்படியானால் முகத்துக்குச் சொன்ன எதுவும் இதற்கு உதவாது. குளிரில் குதிரை ஓட்டும் பெண்களுக்கு இதே இடத்தில் வரும் ஒரு கொழுப்பு அழற்சி உண்டு. 1980-லேயே அமெரிக்கத் தோல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். உள்தொடை குதிரையின் சூட்டில் இருக்கும், வெளித்தொடையில் காற்று அடிக்கும். இறுக்கமான துணியில் சூட்டைப் பிடித்துவைக்க இடைவெளி இல்லை, ரத்த ஓட்டமும் குறையும். கொழுப்பு அதிகம் உள்ள இடம் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

நீ எழுதியதை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன், மருத்துவரிடம் காட்டு. அதுவரை சேணம் ஏறாதே. பிறகு ஓட்டும்போது உள்ளே தளர்வான கம்பளி, மேலே காற்றுப் புகாத பேன்ட், தொடையை மூடும் நீளக் கோட். வந்ததும் கொதிக்கும் நீரில் குளிக்காதே, மெதுவாகச் சூடேற்று. தேய்க்காதே.

இன்னொன்று. முகம் உறைய ஆரம்பித்தால் வெளுக்கும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நம் நிறத் தோலில் அது சாம்பல் பூத்தது போல்தான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியை நம்பாதே. கன்னம் மரத்துப்போனால் உடனே உள்ளே வந்து, உள்ளங்கையை ஒத்தி வை.

கோத்தகிரி மணி
இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் லாயத்துப் பெண்பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

லாயத்துக்காரி
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் பார்த்து அதுவேதான் என்றார். கட்டி அமுங்கிவிட்டது, ஊதா மட்டும் கொஞ்சம் இருக்கிறது. நேற்று மைனஸ் 9, நாற்பது நிமிடம், நடை மட்டும். பெரிய கண்ணாடி, குல்லா, கம்பளி. ஒரு சொட்டு நீர் வரவில்லை. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

பனிமலர்
என்ன வில்லை வாங்கினீர்கள்? ஹெல்மெட்டோடு பொருந்தியதா?