ஹாலில் மோடம், மாடியில் கம்ப்யூட்டர்: நெட் அறுபடாமல் கொண்டுபோவது எப்படி?

மொட்டைமாடி:
வணக்கம். ஃபைபர் மோடம் கீழே ஹாலில், 200 எம்பிபிஎஸ் பிளான். கம்ப்யூட்டர் மாடி அறையில். இடையில் கான்கிரீட் தளமும் ஒரு 9 அங்குலச் செங்கல் சுவரும். ஹாலில் போனில் 190 வருகிறது. மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னலே எட்டவில்லை; 2.4-இல் 12 தாண்டாது, வீடியோ கால் பாதியில் உறைந்துபோகிறது. மாடிப்படியில் ரிப்பீட்டர் வைத்ததில் சிக்னல் கோடு கூடியதே தவிர வேகம் கூடவில்லை. சொந்த வீடு, ஓட்டை போடலாம். கேபிளா, மெஷ்ஷா (ஒன்றோடொன்று பேசும் பல வைஃபை பெட்டிகள்), பவர்லைன் அடாப்டரா (வீட்டுக் கரண்ட் வயரிலேயே நெட் அனுப்புவது)?

கிரிம்பிங்:
கேபிள்தான் சார். ஆனால் காசு போடும் முன் ஒரு சோதனை. மாடியில் வைஃபையில் இருந்தபடி மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) விடாமல் பிங் (பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள், பக்கத்திலேயே வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் ஒன்று. மோடத்துக்கே 3, 180, டைம் அவுட் என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள். மோடத்துக்குச் சீராக 2, 3 வந்து வெளியே மட்டும் தாவினால் லைன் கோளாறு. எத்தனை கேபிள் இழுத்தும் தீராது.

ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். மெஷ்ஷும் வயர் இல்லாமல் வைத்தால் அதே தளத்தைத்தான் துளைத்தாக வேண்டும்.

கேட் 6 நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு, எட்டு இழையும் பிரிபிரியாக இல்லாமல் ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பியான வகை கேளுங்கள். கடையில் மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வேண்டாம். கிரிம்ப் செய்த (பிளக்கை அழுத்திப் பொருத்திய) இடத்தில் நாளடைவில் முறிந்துவிடும். 'கேட் 7' என்று எழுதிய தட்டை கேபிளும் சுவருக்குள் போட ஏற்றதல்ல.

பழைய கேபிள் டிவி குழாய் மாடிக்குப் போகிறதா பாருங்கள். போனால் வேலை பாதி முடிந்தது: பழைய டிவி வயரின் முனையில் புதியதைச் சேர்த்து இறுக்கி டேப் சுற்றி, மேலிருந்து ஒருவர் இழுக்க, கீழிருந்து ஒருவர் தள்ளிக் கொடுக்க வேண்டும். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், உள்ளே ஜோடிக் கம்பிகளின் முறுக்கு குலையும். கரண்ட் வயர் போகும் குழாயில் மட்டும் சேர்த்து விடவே கூடாது. இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் எடுங்கள். ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டு, நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்க விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. இரண்டு முனையிலும் 1 மீட்டர் மிச்சம் வையுங்கள்.

மூணுபேஸ்:
பவர்லைன் பற்றி ஒன்று. வீட்டில் மூணு பேஸ் கனெக்‌ஷன் இருந்து ஹால் ஒரு பேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் அது சரியாகப் பேசாது. ஸ்பைக் கார்டில் செருகினாலும் சிக்னலை அது வடிகட்டிவிடும். வாடகை வீட்டுக்கு வேறு வழியில்லாதபோது மட்டும் பாருங்கள்.

மொட்டைமாடி:
டிவி குழாயிலேயே போய்விட்டது, 18 மீட்டர். நன்றி. ஆனால் வேகம் 94-இலேயே நிற்கிறது. கம்ப்யூட்டரில் லிங்க் 100 என்று காட்டுகிறது.

கிரிம்பிங்:
94 என்றாலே 100 லிங்க்தான். முதலில் மோடத்தைப் பாருங்கள்: பல மோடங்களில் ஒரு லேன் போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. அதில் சரியாக இருந்தால் முனையில்தான் குறை. 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று பின்னைத் தொடாவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். கிளிப் கீழ்ப்பக்கம், பின்கள் மேலே, கேபிள் நம் பக்கம்; இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கிரிம்ப் அழுத்தும் முன் பிளக்கின் மூக்கை நேராகப் பாருங்கள்: எட்டுச் செம்புப் புள்ளிகளும் முனையைத் தொட்டு நிற்க வேண்டும். வெளி உறையும் பிளக்குக்குள் போய்க் கிளிப்பில் பிடிபட வேண்டும். கேட் 6-க்கு உரிய பிளக்கா என்றும் பாருங்கள். கேட் 5-இன் துளைக்குள் இந்தத் தடித்த கம்பி கடைசி வரை போகாது.

மொட்டைமாடி:
போர்ட் சரிதான். கேபிள் டெஸ்டரில் 7-ஆவது விளக்கு எரியவில்லை, மாடி முனையில் வெள்ளை-பிரவுன் உள்ளேயே எட்டவில்லை. மாற்றியதும் லிங்க் 1000, வேகம் 192, மோடத்துக்கு பிங் 1 மில்லிசெகண்டுக்குக் கீழ். மாடியில் போனுக்கும் வைஃபை வேண்டும், பழைய ரவுட்டர் ஒன்று இருக்கிறது.

மூணுபேஸ்:
அதன் ஐபியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை; அதை மோடமே செய்யும்) நிறுத்தி, கேபிளை வான் (WAN) போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11. அதன் போர்ட்கள் 100 ஆக இருந்தால் கம்ப்யூட்டரை அதன் வழியே விடாமல், நடுவில் ஒரு 5 போர்ட் கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். மோடம், ஸ்விட்ச் இரண்டையும் இன்வெர்ட்டர் பாயிண்டில் கொடுங்கள். ஒன்று அணைந்தாலும் மாடியில் நெட் நின்றுவிடும்.