திரை ஒன்று சொல்ல, கடல் வேறொன்று சொன்னபோது

கடலோடி:
கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ வேலை பார்த்தவர்களுக்காக இந்த இழை. கருவி காட்டியதும் கண்ணில் பட்டதும் ஒத்துப்போகாத சந்தர்ப்பம், நேரத்துக்கு வந்து சேராத செய்தி, தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட உத்தரவு, எது நேர்ந்திருந்தாலும் எழுதுங்கள். கப்பல் பெயர், துறைமுகப் பெயர் மட்டும் வேண்டாம்.

செகண்ட் மேட்:
சரி, நானே ஆரம்பிக்கிறேன். சண்டை நடக்கும் ஒரு கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம், நள்ளிரவு வாட்ச். எக்டிஸ் என்ற மின்னணு வரைபடத் திரையில் எங்கள் கப்பல் மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்குவதுபோலத் தெரிந்தது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ரேடார் படத்தை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்தால் வரைபடத்துக் கரை ஓரிடம், ரேடாரில் விழும் கரை வேறிடம்.

ஆட்டோபைலட் டிராக் மோடில் இருந்தது. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை நம்பித்தான் அது சுக்கானைத் திருப்பும். திரையில் கரைப்பக்கம் ஒதுங்கினால், 'சரிசெய்வதற்காக' நிஜக் கப்பலை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அதை நிறுத்தி, சுக்கானில் ஆளைப் போட்டு, கேப்டனை எழுப்பினேன். கரையின் முனைகளுக்குத் தூரமும் திசையும் ரேடாரில் எடுத்து, எக்கோ சவுண்டர் காட்டிய ஆழத்தோடு ஒப்பிட்டு, விடியும்வரை கையாலேயே நிலை குறித்தோம். விஎச்எஃப் ரேடியோவில் ஒரு டேங்கர்க்காரர், ஜிபிஎஸ்ஸில் தன்னை மலை மேல் ஏற்றிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே நடந்ததும் இதுதான். 20க்கும் மேற்பட்ட கப்பல்களை ஜிபிஎஸ் ஒரு விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

என்னைக் கேட்டால் சிக்னலையே முடக்கும் ஜாமிங் தேவலை. சிக்னல் போகும், அலாரம் கத்தும், நாமும் உஷாராவோம். போலி சிக்னல் அனுப்பி ஏமாற்றும் ஸ்பூஃபிங்கில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும்.

பழைய சிக்னல்மேன்:
ஏஐஎஸ் இன்னும் மோசம் சார். அது ஒரு கப்பல் தன் பெயர், இடம், வேகம் என்று தன்னைப் பற்றித் தானே ரேடியோவில் சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் ஒடேசா துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. அதே இரவில் அவை ரஷ்யக் கடற்படைத் தளம் இருக்கும் செவஸ்தோபோலை நெருங்கியதாக ஏஐஎஸ் தடம் காட்டியது. துறைமுகத்து நேரலைக் கேமராவில் இரண்டும் அசையாமல் நின்றதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ஆனால் நெருக்கடி நேரத்தில் கேமராவைத் தேடுபவர் எத்தனை பேர்?

நாங்களும் பயிற்சிகளில் எதிரணியை ஏமாற்றியிருக்கிறோம். போர்க்கப்பலின் பெரிய ரேடார்களை எல்லாம் அணைத்துவிட்டு, வணிகக் கப்பல்களில் இருக்கும் சாதாரண நேவிகேஷன் ரேடாரை மட்டும் ஓடவிடுவோம். விளக்குகளையும் சரக்குக் கப்பல் மாதிரி மாற்றிக்கொள்வோம். ரேடியோவில் மூச்சு விடக்கூடாது. பக்கத்துக் கப்பலோடு பேச வேண்டுமென்றால் சிக்னல் விளக்கும் கொடியும்தான். இளசுகளுக்கு மோர்ஸ் என்றாலே சலிப்பு. நாலு நாள் ரேடியோ மௌனத்தில் இருந்தால் அந்தச் சலிப்பு தன்னால் போகும்.

'எங்கள் செய்தி சங்கேதத்தில் இருக்கிறது, பயமில்லை' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்ளடக்கம்தான் மறையும்; நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது மறையாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளைக் கரையிலிருந்தே நடத்தினார். அதற்காக அவை அடிக்கடி ரேடியோவில் பேச வேண்டியிருந்தது. நேச நாட்டுக் கப்பல்கள் அந்த அலை வரும் திசையை மட்டும் பிடித்துக்கொண்டு வேட்டைக்குப் போயின. அதற்குச் சங்கேதத்தை உடைக்க வேண்டியதே இல்லை.

ஆபரேஷன்ஸ் ரூம்:
நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். கருவி சரியாக இருந்தும் அறையில் இருப்பவர்கள் தப்பாகக் கேட்பது.

எங்கள் அறையில் பெரிய தொல்லை, செய்திகளின் அவசரக் குறி. ஃபிளாஷ், இம்மீடியட், பிரையாரிட்டி, ரூட்டீன் என்று நான்கு படி உண்டு. மேலதிகாரி கண்ணில் படவேண்டும் என்பதற்காக உதிரிப் பாகம் கேட்கும் செய்திக்குக்கூட இம்மீடியட் போட்டு அனுப்புவார்கள். ஒரு பயிற்சியின்போது நிஜமாகவே அவசரமான எச்சரிக்கை அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் படித்தபோது, அது எச்சரித்த 'தாக்குதல்' நடந்து முடிந்திருந்தது. நடுவர்கள் எங்கள் கப்பல் மூழ்கியதாக அறிவித்துவிட்டார்கள்.

முதல் உலகப்போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போரை இங்கே யாரும் எடுக்காதது ஆச்சரியம். 1916 மே 31. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் ரூம் 40 என்ற பிரிவு ஜெர்மன் சங்கேதத்தைப் படித்துக்கொண்டிருந்தது. செயல்பாட்டுப் பிரிவின் தலைவர் அங்கே வந்து, 'டிகே' என்ற அழைப்புக் குறி எங்கிருந்து ஒலிக்கிறது என்று மட்டும் கேட்டார். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகப் பகுதியிலிருந்து என்று பதில் வந்தது. சரியான பதில். ஆனால் ஜெர்மன் தளபதி ஷீர் கடலுக்குக் கிளம்பும்போது அந்தக் குறியைக் கரை நிலையத்திடம் விட்டுவிட்டு வேறு குறிக்கு மாறிவிடுவார். ரூம் 40-க்கு இது தெரியும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. எதிரி இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறார் என்று கடலில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோவுக்குச் செய்தி போனது. சில மணி நேரத்தில் அந்தக் கப்பல் படை கடலில் எதிரே நின்றது.

அதோடு முடியவில்லை. அன்றிரவு ஜெர்மானியர் வீடு திரும்பும் பாதையைப் பற்றி ரூம் 40 சரியாகவே சொன்னது. ஜெல்லிகோவிடம் போன ஒரு செய்தியை அவர் நம்பவில்லை. இன்னொரு முக்கியமான தந்தி அவருக்கு அனுப்பப்படவே இல்லை. ஷீர் தப்பித்தார்.

1988 ஜூலை 3-ல் அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டதில் 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறுகிறது என்றுதான் கப்பலின் ஏஜிஸ் என்ற ரேடார்-ஆயுதக் கணினி அமைப்பின் பதிவில் இருந்தது. அறையில் இருந்தவர்கள் அது தங்களை நோக்கி இறங்குவதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இதைப் படித்த பிறகு என் வாட்ச்சில் ஒரு பழக்கம் வைத்தேன். யாராவது 'இறங்குகிறது' என்றால், இப்போதைய உயரம் எவ்வளவு, முன்பு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும். பையன்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கடலோடி:
அருமை சார். நீர்மூழ்கியில் இருந்தவர்கள் யாரும் இல்லையா? அடியில் இருக்கும்போது உத்தரவு எப்படி வரும்?

பழைய சிக்னல்மேன்:
நான் இருந்ததில்லை, ஆனால் கரை நிலையத்திலிருந்து அனுப்பியிருக்கிறேன். மிகத் தாழ்ந்த அதிர்வெண், அதாவது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் அலைதான் கடல்நீரில் சில பத்து மீட்டராவது இறங்கும். வேகம் ரொம்பக் குறைவு, குரலெல்லாம் போகாது, எழுத்து மட்டும்தான். அவர்கள் பதில் சொல்லவும் மாட்டார்கள். அதனால் ஒரே செய்தியை நேர அட்டவணைப்படி திரும்பத் திரும்ப அனுப்புவோம். கிடைத்ததா என்பது அவர்கள் கரைக்கு வந்த பிறகுதான் தெரியும்.